செத்தவன் எழுந்து சிரிக்க வேண்டும்

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. கேமரா முன்னால் செத்தவன் செத்தபடியே வீட்டுக்குப் போகக் கூடாது. கத்திக்குத்தோ, விஷமோ, கோட்டைச் சுவரோ, எப்படிச் செத்தாலும் சரி, காட்சி முடிந்த பிறகும் கேமரா இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். செத்தவன் எழுந்து உட்கார்ந்து, லென்ஸை நேருக்கு நேர் பார்த்து, பல் தெரியச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் பொய்ச்சாவு பொய்யாகவே கழியும். இல்லாவிட்டால் ஆளோடு ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்துவிடும். அந்தச் சிரிப்பு பதிந்த துண்டை, ஃபிலிம் கழுவும் லேபில் வெட்டிச் செத்தவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பம்பாய் சினிமாவில் இந்து, முஸ்லிம், பார்சி, யூதர் என்று சகல பேரும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பேதம் கிடையாது.

நான் அங்கே மேக்கப் ஆள். மாட்டுங்காவில் குடியிருந்த கும்பகோணத்துக்காரன். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் மதராஸி. பெரிய நடிகைகளின் கன்னத்தைத் தொடும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ரத்தம். காசிக்கட்டியைக் கரைத்து வெல்லப்பாகில் குழைத்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அசலைவிட நன்றாக எடுக்கும். நான் குழைத்த ரத்தத்தில் முக்கால்வாசி இக்லாஸின் முதுகில்தான் வழிந்தது.

இக்லாஸ் மாலேகாவில் டோங்கா என்ற குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். எங்கள் ஹீரோ நிஷாத் குமாருக்கு டூப். வேலைப் பிரிவினை ரொம்பச் சுலபம். நிஷாத் குமார் பாடுவார், அழுவார், பெருமூச்சு விடுவார். அடி வாங்குவது, குதிரையிலிருந்து விழுவது, சாவது எல்லாம் இக்லாஸ். டூப்பின் முகம் திரையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், இருபது படத்தில் செத்தும் ஊருக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரியும். அவன் முகம் இருந்ததெல்லாம் அந்தச் சிரிப்புத் துண்டுகளில்தான்.

அந்தத் துண்டுகளை அவன் பெண்சாதி நஸீபன் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மதன்புராவில் அவர்கள் அறைக்குப் போகும்போதெல்லாம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள். நகத்தளவு இக்லாஸ், ஒன்றன் கீழ் ஒன்றாக, சிரித்துக்கொண்டே இருப்பான். அவளுக்கு அது விளையாட்டில்லை. அவள் அப்பாவும் டூப்தான். ஒரு நாள் அவர் செத்து முடிக்கவும் ஃபிலிம் தீரவும் சரியாக இருந்தது. நாளைக்குச் சிரித்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பைகுலா முக்கில் ட்ராம் அவர் மேல் ஏறிப் போய்ச் சேர்ந்தார். அதனால் இக்லாஸ் செத்துவிட்டு வரும் நாளில் சோறு போடுவதற்கு முன் அவள் கேட்பது ஒரே கேள்வி, சிரிச்சியா.

"கஜ்ராப் பூ வாங்க மறந்துட்டு வந்தா மன்னிச்சு விட்ருவேன். சிரிக்க மறந்துட்டு வந்தா வாசல்லயே நில்லு" என்பாள்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வீர்சந்த் சேட் 'அஷ்க்-ஏ-சமன்' என்று ஒரு படம் எடுத்தார். தோட்டத்தின் கண்ணீர் என்று அர்த்தம். நவாபின் மகள் குதிரைக்காரனைக் காதலிக்கிறாள். நவாப் அவனைச் சவுக்கால் அடித்துக் கோட்டையிலிருந்து தள்ளிவிடுகிறார். அவள் மோதிரத்து வைரத்தைப் பொடி செய்து குடித்துவிட்டு அவன் மேல் விழுந்து சாகிறாள். கேட்கும்போதே கண் கலங்கும். சேட்டுக்குக் கதை சொன்ன அன்றைக்கு அவர் இரண்டு தட்டு ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டே அழுதார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், சித்திர ஒழுக்க மன்றம் என்ற ஒன்று இல்லாவிட்டால்.

கிர்காவில் ஒரு குடைக்கடைக்கு மேல் மாடியில் மன்றத்தின் ஆபீஸ். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லாத படம் எந்தக் கொட்டகையிலும் ஓடாது. தலைவர் ராவ்பகதூர் சௌபல். ஜெயில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் கைப்பட உபயோகித்த சவுக்கைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தார். வாராவாரம் எடுத்து எண்ணெய் தடவுவார். மற்ற இரண்டு பேரில் ஒருத்தர் பண்டித் துபே, பாஷைக்குப் பொறுப்பு. இன்னொருத்தர் குல்பாய் என்ற பார்சி அம்மாள், மிருகங்களுக்குப் பொறுப்பு. மனுஷனுக்குப் பொறுப்பு என்று தனியாக யாரையும் போடவில்லை.

கடைசிக் காட்சி தவிர எடுத்து முடித்திருந்த படத்தைப் போட்டுக் காட்டினோம். பெட்டி தூக்க நானும் இக்லாஸும் போயிருந்தோம். விளக்குப் போட்டதும் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் குதிரைக்காரன் அந்தப் பொண்ணு கையப் பிடிக்கறான். ஒருக்கா இல்ல, பல தடவ. நம்ம நாட்டுல இதெல்லாம் கிடையாது. வெட்டிருங்க."

சேட் இழுத்தார். கையைக்கூடப் பிடிக்காமல் எப்படிக் காதலிப்பது, காதலிக்காமல் எதற்குச் சாவது என்று பணிவாகத்தான் கேட்டார்.

"சாகட்டும், தாராளமா சாகட்டும்" என்றார் தலைவர். "நான் வேண்டாம்னு சொல்லல. கத்தி தொடலாம், கை தொடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

"படம் குட்டையாப் போயிரும் சாஹேப்."

"வெட்டின நீளத்துக்கு அடி போட்டு நிரப்புங்க. அடி ஒழுக்கமான சமாச்சாரம். நான் ஆயுசு முழுக்க ஜெயில் நடத்தினவன், சேட். காதலால கெட்டவன எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். அடியால கெட்டவன்னு ஒருத்தன் கிடையாது. அடி வாங்கினவன் எவனும் எங்கிட்டத் திரும்பி வந்து புகார் சொன்னதே இல்ல."

அடுத்தது பண்டித் துபே. நவாபின் மகள் 'மொஹப்பத்' என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை, அது பாரசீகம். சரி, 'பிரேம்' என்று மாற்றிவிடலாம் என்றார் சேட். நவாப் மகள் வாயில் சமஸ்கிருதம் வருமா, ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா என்று அதையும் துபேயே மறுத்தார். வெகுநேரம் நெற்றியைத் தடவிய பிறகு அவருக்கே வழி கிடைத்தது. காதல் பேச்சு மொத்தத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலறல் வைத்துக்கொள்ளலாம். அலறல் எல்லா பாஷைக்கும் பொது என்றார்.

குல்பாய் அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சவுக்கடி நடக்கும்போது பின்னால் குதிரை நிற்கிறதே, அதன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? இனிமேல் குதிரைக்குக் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் மனுஷனை அடிக்க வேண்டும் என்று உத்தரவானது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அன்றைக்கு ஆரம்பித்தது. நிஷாத் குமார் நெஞ்சுச்சளி என்று பஞ்ச்கனி மலைக்குப் போய்விட்டார். கையில் இருந்தது இக்லாஸின் முதுகு மட்டும்தான். காதல் வெட்டுப்பட்ட இடமெல்லாம் அந்த முதுகால் நிரம்பியது. நிலா வெளிச்சத்தில் இருவரும் பேசிக்கொள்ளும் இடத்தில் நவாபின் ஆட்கள் அவனைக் கட்டையால் விளாசினார்கள். அவள் அவனுக்கு மாதுளை ஊட்டும் இடத்தில் அவனைக் கிணற்றில் முக்கி எடுத்தார்கள். அவள் கடிதம் படிக்கும் இடத்தில் அவனைக் குதிரையில் கட்டிக் கரடுமுரடான தரையில் இழுத்தார்கள். கடைசியில் பார்த்தால், நவாபின் மகள் என்று ஒருத்தி எங்கோ தூரத்து மாடத்தில் நிற்கிறாள். கீழே ஒருத்தன் எதற்கென்றே தெரியாமல் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான்.

குதிரை இழுத்த அன்றைக்குக் குல்பாய் அம்மாள் நேரில் வந்திருந்தார். குதிரைக்குக் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் சர்க்கரைக் கட்டி கொடுத்தார். இக்லாஸின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார், கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"நீ மட்டும் குதிரையாப் பொறந்திருந்தா, மகனே, இந்தப் படத்தையே நிறுத்தியிருப்பேன். எனக்கு அதிகாரம் அவ்வளவுதான்" என்றார்.

"அடுத்த ஜென்மம் எங்களுக்குக் கிடையாதும்மா. இருந்தா யோசிச்சிருப்பேன்" என்றான் இக்லாஸ்.

மறுபடி படத்தை மன்றத்துக்குக் கொண்டுபோனோம். தலைவர் முன்னைவிட ரசித்துப் பார்த்தார். ஆனால் விளக்குப் போட்டதும் முகம் மாறிவிட்டது. அந்தச் சவுக்கடி அசலா, நடிப்பா என்று கேட்டார். நடிப்புதான் சாஹேப், சவுக்கு நுனியில் பஞ்சு, ரத்தம் இந்த மதராஸி குழைத்தது என்று சேட் பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். தலைவருக்கு மனசு நொந்துவிட்டது. ஜனங்களை நம்பவைத்து ஏமாற்றுவது மோசடி. மோசடிக்கு மன்றம் துணைபோகாது. அசல் அடி எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் இந்த அடி தேறுமா என்று சொல்ல முடியும் என்றார்.

கரும்பு தின்னக் கூலியா? அவரே எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

இக்லாஸ் சட்டையைக் கழற்றி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்கியதால் ஒற்றைக் கையால்தான் பிடிக்க முடிந்தது. அவ்வளவு வயசான மனுஷர் அப்படி அடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலாவது அடியில் மைக்கூடு உருண்டது. அதற்கப்புறம் தோல் கிழிகிற சத்தம் தனியாகவும் சவுக்கின் சத்தம் தனியாகவும் கேட்க ஆரம்பித்தது. தலைவர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. பியூன் காபி கொண்டுவந்து, இடம் இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

முடிந்ததும் என் டப்பாவைத் திறக்கச் சொல்லி, அவன் முதுகின் ஒரு பாதியில் என் ரத்தத்தைப் பூசச் சொன்னார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். என் காசிக்கட்டிதான் அசல் என்று ஏகமனதாகத் தீர்ப்பானது. இக்லாஸின் ரத்தம் அவ்வளவாக நம்பும்படி இல்லை, கொஞ்சம் முன்னேற வேண்டும் என்றார் பண்டித் துபே.

விஷயம் அதோடு போயிருக்கும். மேஜையை விட்டு நிமிர்ந்த இக்லாஸ் மெள்ளத் திரும்பி, தலைவரை நேருக்கு நேர் பார்த்து, பல் தெரியச் சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?"

"தப்பா நெனைக்காதீங்க சாஹேப். எங்க வழக்கம். செத்தா எந்திரிச்சுச் சிரிக்கணும், அப்பதான் கழியும். நான் முழுசா சாகல. ஆனா பாதி வழி போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு சிரிச்சு வச்சேன்."

தலைவர் விவரமாகக் கேட்டார். சேட் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் அவ்வளவு புண்பட்டு நான் பார்த்ததில்லை.

"செத்தவன் சிரிச்சா சாவுக்கு என்னய்யா மரியாதை? தண்டனைக்கு என்ன மரியாதை? நாளைக்குத் தூக்குமேடையில நிக்கறவன் எல்லாம் சிரிக்க ஆரம்பிச்சா ஒரு அரசாங்கம் எப்படி நடக்கும்? இனிமே யாரும் சிரிக்கக் கூடாது. சிரிக்கலங்கறத நானே வந்து பாப்பேன். லேபுல ஒரு துண்டுகூட நீங்க வெட்டக் கூடாது. கழுவின ஃபிலிம் மொத்தமும் முழுசா இங்க வரணும்."

பாக்கி இருந்தது ஒரே காட்சி. கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து சாவது. வசாய் கோட்டையில் எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நஸீபன் என்னைத் தேடி ஸ்டூடியோ வாசலுக்கே வந்துவிட்டாள். உத்தரவு அவள் காதுக்கு எட்டியிருந்தது. போகாதே என்று அவனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் விழாவிட்டால் இந்தப் படமே நிற்கும், அத்தனை பேர் வயிற்றிலும் அடிக்கச் சொல்கிறாயா என்று அவன் கேட்டிருக்கிறான்.

"பாய்ஜான், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவர் சிரிச்சே ஆகணும், கேமரா ஓடிக்கிட்டே இருக்கணும். என்ன செய்வீங்களோ, ஏது செய்வீங்களோ" என்றாள்.

நான் கேமராக்காரரிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, மன்றத்தைப் பகைத்தால் அவர் கதி அதோகதி. மண்டையைச் சொறிந்துவிட்டு, கடற்காற்று பலமாக இருந்தால் பார்க்கலாம் என்றார்.

வசாயில் காற்று பலமாகத்தான் இருந்தது. சுவருக்குக் கீழே கேமராவில் படாத பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு வைக்கோல் போட்டிருந்தோம். தலைவர் குடையோடு வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

"கதையில இந்தக் கோட்டைக்குக் கீழ வைக்கோல் இருக்கா?"

"இல்ல சாஹேப்" என்றார் சேட்.

"அப்புறம் இங்க எப்படி வந்துச்சு? ஜனங்க காசு குடுத்துக் கல்லுல விழறதப் பாக்க வர்றாங்க. நீங்க வைக்கோல்ல விழவச்சு அனுப்பப் பாக்கறீங்க. இதுக்காய்யா சுதந்திரம் வாங்கினோம்?"

வைக்கோலை அள்ளச் சொன்னார். வீணாகக் கூடாதே என்று குல்பாய் அம்மாள் அதைக் குதிரைக்குப் போடச் சொன்னார். கண்ணைக் கட்டியிருந்தாலும் குதிரை வாசனை பிடித்து நன்றாகத் தின்றது. சேட் இக்லாஸைத் தனியே கூப்பிட்டு, சுவர் அவ்வளவு ஒன்றும் உயரமில்லை, நிஷாத் குமாரே குதித்துவிடுவார், சளி இல்லாவிட்டால், என்றார்.

நான் சுவர் மேலே போய் அவன் நெற்றியில் கொஞ்சம் ரத்தம் பூசினேன்.

"விழாதடா. இறங்கிப் போயிரலாம் வா" என்றேன்.

"வைக்கோல் போனாப் போகுது மதராஸி பாய். சிரிப்பு இருக்குல்ல. நீங்க கேமராவ மட்டும் பாத்துக்கங்க."

விழுந்தான். டூப் விழும்போது தோளைக் கொடுத்து உருள வேண்டும். அவனுக்குக் கொடுக்க ஒரு தோள்தான் இருந்தது, அது தப்பான பக்கம். கல்லில் பட்ட சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. நான் பூசிய ரத்தம் எங்கே, அவன் ரத்தம் எங்கே என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தலைவர் திருப்தியாகத் தலையாட்டி, கேமராவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியாச்சு சாஹேப் என்று கேமராக்காரர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். காற்றிரைச்சலில் மோட்டார் ஓடுவது தலைவருக்குக் கேட்கவில்லை.

"இக்லாஸ், சிரிடா. நஸீபன் கேப்பா. சிரிடா" என்று நான் கத்தினேன்.

இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். லென்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தான். பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பது விதி. பாதிப் பல் கல்லில் கிடந்தது. மிச்சமிருந்த பல்லோடு சிரித்தான். பிறகு அப்படியே பின்னால் சாய்ந்தான்.

"பாத்தீங்களா, இதுதான் கலை" என்றார், சிரிப்பைக் கவனிக்காமல் சேட் பக்கம் திரும்பியிருந்த தலைவர்.

ஆஸ்பத்திரியில் அவன் கண்ணே திறக்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டு, பிழைத்தாலும் பிழைக்கலாம் என்று சொல்லிப் போனார். நஸீபன் அழவில்லை, ஒரே கேள்விதான் கேட்டாள்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்மா. கேமராவும் ஓடிச்சு. நான் பாத்தேன்."

"துண்டு எங்க?"

அங்கேதான் வந்தது வினை. எதையும் வெட்டக் கூடாது என்ற உத்தரவுப்படி, கழுவின ஃபிலிம் சிரிப்போடு சேர்த்து மன்றத்துக்குப் போய்விட்டது. சிரிப்பு வீட்டுக்கு வராதவரை அவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். டாக்டரிடம் அதைவிட நல்ல யோசனை எதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் இருவரும் கிர்காவுக்குப் போனோம். பியூன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே புரொஜெக்டர் ஓடும் சத்தம். கதவைத் தள்ளினால் அறை இருட்டாக இருந்தது, ஒரே பஜ்ஜி வாசனை. சுவரில் எங்கள் நவாபின் மகள் எங்கள் குதிரைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் வேறொரு படத்திலிருந்து வேறொருத்தி வேறொருத்தன் தோளில் சாய்ந்தாள். அப்புறம் ஒரு ஜோடி மழையில். இத்தனை வருஷமாக ஊர் ஒழுக்கத்துக்காக வெட்டியெறிந்த அணைப்பு, முத்தம், மாதுளை எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராவ்பகதூர் சௌபல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பம்பாயில் பார்த்ததிலேயே அழகான காதல் படம் அதுதான்.

கடைசித் துண்டாக இக்லாஸ் வந்தான். சுவர் அளவுக்கு ஒரு முகம், நெற்றியிலிருந்து வாய்வரை ரத்தம், உடைந்த பல்லோடு சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஃபிலிமில் நகத்தளவாக மட்டுமே பார்த்துப் பழகிய நஸீபன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சே, இந்த ஆள் வந்துதான் எல்லாத்தையும் கெடுக்கறான்" என்றார் தலைவர்.

விளக்குப் போடச் சொன்னார்கள். எங்களைப் பார்த்ததும் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இது தொடர் கண்காணிப்பு என்றார் பண்டித் துபே, யாரும் கேட்காமலே. நஸீபன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். வேறெதுவும் வேண்டாம், அந்தக் கடைசித் துண்டு மட்டும் கொடுத்தால் போதும் என்றாள்.

"மன்றம் வெட்டினது மன்றத்துக்குச் சொந்தம்மா" என்றார் தலைவர்.

"அது எங்க வீட்டுக்காரர் மொகம் சாஹேப்."

"டூப்புக்கு முதுகு மட்டுந்தான். மொகம் கிடையாது. அப்படிப் பாத்தா இது யாரோட மொகமும் இல்ல. செத்த பிறகு சிரிச்ச குத்தத்துக்காகப் பிடிச்சு வச்சிருக்கோம்."

"குதிரை நல்லா இருக்கும்மா. போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்று குல்பாய் அம்மாள் ஆறுதல் சொன்னார்.

"அவர் ஆஸ்பத்திரில கெடக்கறார் சாஹேப். இது வந்தாத்தான் எந்திரிப்பார்."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். அறியாத ஜனங்களிடம் அவருக்கு எப்போதும் இரக்கம் உண்டு.

"இதப் பாரும்மா. என் சர்வீஸ்ல அடி வாங்கினவன் எவனும் திரும்பி வந்து எங்கிட்டப் புகார் சொன்னதே இல்ல. உன் புருஷனும் நல்லவன், அவன் வரல. நீயும் போ."

"அவர் வரல சாஹேப். நான் வந்திருக்கேன்" என்றாள் நஸீபன்.

அன்றைக்கு எண்ணெய் தடவும் நாள். கண்ணாடிப் பெட்டி திறந்துதான் இருந்தது.

முதல் அடி பஜ்ஜித் தட்டில் விழுந்தது, பழக்கமில்லாத கை. இரண்டாவது ராவ்பகதூரின் தோளில். மூன்றாவதிலிருந்து அவளுக்குக் கை பழகிவிட்டது. டூப்பின் மகள், டூப்பின் பெண்சாதி. அடி எப்படி விழும் என்று பார்த்தே வளர்ந்தவள். தலைவர் மேஜைக்குக் கீழே போனார், அங்கிருந்து இழுத்துப் போட்டு அடித்தாள். கோட்டு கிழிந்தது, சட்டை கிழிந்தது, அப்புறம் தோல். அவர் அலறிய அலறல் பண்டித் துபே சொன்ன மாதிரியே எல்லா பாஷைக்கும் பொதுவாக இருந்தது. அவள் திட்டிய திட்டுகளில் பாரசீகம் எது, சமஸ்கிருதம் எது என்று பண்டிதர் அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார். குல்பாய் அம்மாள் அறையை ஒரு சுற்றுப் பார்த்து, மிருகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் மேக்கப் ஆள். ரத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவ்வளவாக நம்பும்படி இல்லை.

அவர் முனகலோடு தரையில் சுருண்டதும் நஸீபன் சவுக்கைக் கீழே போட்டாள். மூச்சு வாங்கியது. கதவுவரை போய்விட்டவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எந்திரிங்க சாஹேப். எந்திரிச்சு உக்காந்து சிரிங்க. சிரிக்கலன்னா ஒட்டிக்கும். யாருக்கும் அது வேண்டாம்."

அவர் அவளையே பார்த்தார். அவள் மறுபடி சவுக்கைப் பார்த்தாள். ராவ்பகதூர் சௌபல் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்தார்.

புரொஜெக்டர்காரன் கேட்காமலே அந்தத் துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தான். போலீஸுக்கு யாரும் போகவில்லை. போனால், அந்த மத்தியானம் என்ன படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். படத்துக்கு மன்றத்தின் அனுமதி மறுவாரமே வந்துவிட்டது. இருபத்தைந்து வாரம் ஓடியது. நிஷாத் குமார் கோட்டையிலிருந்து விழும் காட்சியில் பெண்கள் மூர்ச்சை போட்டார்களாம்.

நாங்கள் ட்ராம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் துண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தாள். வார்டுக்குள் நுழைந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலுக்குப் போய், துண்டை வெளிச்சத்தில் பிடித்து, இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி, பக்கத்தில் நின்ற நான்தான் குழந்தை மாதிரி அழுதேன்.

அது ஆகிவிட்டது எத்தனையோ வருஷம். ராவ்பகதூர் சௌபலுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கூட இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் நேற்றுக்கூட ஏதோ ஒரு கமிட்டிக்குத் தலைமை தாங்கி இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியதாகப் பேப்பரில் போட்டிருந்தது. நஸீபன் செய்த எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஆளை அவள் சிரிக்கவைத்திருக்கக் கூடாது.